அளவில் இருக்கிறது அமானத்: சீனி வருத்தமுள்ள பூனையைப் பராமரிப்பது எப்படி?

 

மனிதருக்குச் சீனி வருத்தம் வருவதை நாம் அறிவோம். இன்று நமது ஊர்களில் அந்த நோய் எட்டிப்பார்க்காத வீடுகள் குறைவு. ஆனால் பூனைக்கும் சீனி வருத்தம் வரும், அதற்கும் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டிவரும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது என்பதையும், இந்த நோயைப் பற்றி நான் கற்றுக்கொண்ட விபரங்களையும், இதிலுள்ள மார்க்கக் கடமையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கூடையில் வந்த அமானத்

சம்மாந்துறையை அடுத்துள்ள வீரமுனையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சிறு வயதில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். மனைவி காலமான பின்னர் அவருக்குத் துணை ஒரு வெள்ளைப் பூனை. பதினொரு வயதான அந்தக் கடுவனுக்குச் சீனி வருத்தம். நாள் தவறாமல் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஊசி போட்டு, அளவையும் நேரத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார்.

ஒருமுறை கண் சத்திரசிகிச்சைக்காக அவர் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. ஒரு கிழமைக்குப் பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "தம்பி, உங்க வீட்டில உம்மாவுக்கு இன்சுலின் போடுறீங்கதானே. உங்களுக்குக் கை பழகியிருக்கும்" என்று சொல்லி, கூடையில் பூனையையும், பையில் மருந்தையும் கொப்பியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். 1990 ஆம் ஆண்டில் வீரமுனையும் காத்தான்குடியும் ஏறாவூரும் பட்ட காயங்களை அறிந்த எவருக்கும், ஒருவர் மற்றவரின் வாசலில் நம்பி இறக்கி வைக்கும் ஒரு சிறு கூடை எவ்வளவு பாரமானது என்பது விளங்கும்.

இரண்டு நாட்கள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் நாள் காலை பூனை தனது உணவில் கால்வாசியை மட்டும் தின்றுவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. புது வீடு, புது ஆட்கள். அதனால் மனம் ஒட்டவில்லை போலும் என்று நினைத்தேன். கொப்பியில் இரண்டு அலகு என்று எழுதியிருந்தது. நேரமும் ஆறு மணி. ஒப்புக்கொண்ட கடமையை நேரத்துக்குச் செய்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு அலகையும் போட்டுவிட்டு மத்ரஸாவுக்குப் போய்விட்டேன்.

பத்தரை மணியளவில் உம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். "மகன், பூனை குடிச்சவன் மாதிரித் தள்ளாடுது. கண் ஒரு மாதிரி நிலைகுத்திப் பாக்குது. எனக்குச் சீனி இறங்கினா இப்படித்தான். ஓடி வா" என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் உம்மாவே விரலில் தேனைத் தொட்டுப் பூனையின் ஈறில் தடவியிருந்தார்கள். மானியில் பார்த்தபோது 38 என்று காட்டியது. மீண்டும் தேன் தடவி, கால் மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 64. பூனை தலையைத் தூக்கியது. அவித்த கோழி இறைச்சியைப் பிய்த்து வைக்க, மெல்ல மெல்லத் தின்றது. நண்பகலுக்குப் பின் 142க்கு வந்தது. கால்நடை வைத்தியரிடம் கேட்டோம். அன்று மாலை ஊசியை விட்டுவிடும்படியும், மறுநாள் முதல் ஒரு அலகு மட்டும் போடும்படியும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது.

என்னை வெட்கப்படுத்திய விடயம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ரமழானுக்கு முன்னர் பள்ளிவாசலில் நான் ஓர் அறிவித்தல் சொல்வதுண்டு: "இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம். உணவு குறையும்போது மருந்தின் அளவும் மாற வேண்டும்." ஊருக்குச் சொன்ன அந்தப் பாடம், வாயில்லாத ஒரு ஜீவனின் முன்னால் எனக்கு மறந்து போயிற்று.

நோய் எப்படி வருகிறது?

நாம் உண்ணும் உணவிலுள்ள சீனி இரத்தத்தில் கலந்து உடலின் ஒவ்வொரு கலத்துக்கும் போய்ச் சேர இன்சுலின் என்ற சுரப்பு தேவை. அது கணையத்தில் உற்பத்தியாகிறது. கணையத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1889 ஆம் ஆண்டு ஜெர்மனிய ஆய்வாளர்களான மின்கோவ்ஸ்கி, ஃபொன் மேரிங் ஆகியோரால் ஒரு நாயின் மூலமே தெரியவந்தது. 1921 இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களில் செய்த சோதனைகளின் வழியாகத்தான். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு மனிதச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. இன்று நமது வீட்டில் நமது உம்மாவும் வாப்பாவும் இன்சுலினால் நலமாக இருக்கிறார்கள் என்றால், அதில் அந்த மிருகங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தக் கடனை நினைத்துப் பார்க்கும் எவரும் நோயுற்ற பூனையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நடுத்தர வயது மனிதருக்கு வரும் வகையை ஒத்தது. இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரிவர ஏற்காது. காலம் செல்லச் செல்லக் கணையத்தில் ஒருவகைப் புரதம் படிந்து சுரப்பும் குறைந்துவிடும். உடல் பருத்த பூனைகள், நலமடிக்கப்பட்ட கடுவன்கள், ஏழெட்டு வயதைத் தாண்டியவை ஆகியவற்றுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. சொறி, ஒவ்வாமை போன்றவற்றுக்காக அடிக்கடி ஸ்டீரொய்ட் மருந்து கொடுப்பதும் இதைத் தூண்டிவிடும்.

அடையாளங்கள் மறைவானவை அல்ல. பூனை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கும்; அடிக்கடி சிறுநீர் கழிக்கும்; நன்றாகத் தின்றும் மெலியும். நோய் முற்றினால் பின்னங்கால்களை விரல்களில் ஊன்றாமல் குதிகால் நிலத்தில் படும்படி நடக்கும். நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி அது. "வயதாகிவிட்டது, அதனால் மெலிகிறது" என்று விட்டுவிடாதீர்கள். பூனையின் மூச்சில் பழுத்த பழத்தைப் போன்ற ஒரு வாடை வீசி, வாந்தியும் எடுத்து, உணவையும் மறுத்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. இன்சுலின் இல்லாமல் உடல் தன் கொழுப்பையே எரித்து இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம்.

நோய் இருக்கிறதா என்று தீர்மானிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பயந்த பூனையின் இரத்தச் சீனி, நோயே இல்லாவிட்டாலும், சிறிது நேரத்தில் 300ஐயும் தாண்டக்கூடும். கூடையில் அடைத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, அறியாத மேசையில் வைத்து எடுக்கும் ஒரு சோதனையை மட்டும் நம்பி இன்சுலின் தொடங்குவது சரியல்ல. ஆகவேதான் வைத்தியர்கள் சிறுநீரையும் பார்ப்பார்கள். கடந்த இரண்டு மூன்று கிழமைகளின் சராசரியைக் காட்டும் பிரக்டோசமின் என்ற பரிசோதனையும் செய்வார்கள். நமது நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துடன் இணைந்த போதனா வைத்தியசாலை இத்தகைய நோய்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை முதலில் நாடலாம்.

சோற்றுக் கோப்பை

நமது கரையோர ஊர்களில் பூனைக்கு என்ன வைக்கிறோம்? மிஞ்சிய சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கிறோம். அன்போடு செய்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அல்லாஹ் பூனையைப் படைத்த விதம் வேறு. அது முற்றாக இறைச்சியை உண்ணும் பிராணி. மாப்பொருளால் வரும் சீனியைக் கையாளும் ஆற்றல் அதன் ஈரலில் மிகக் குறைவு. பசுவுக்குப் புல் எப்படியோ, பூனைக்கு மீனும் இறைச்சியும் அப்படி. சோறு அதற்கு உரிய உணவல்ல. குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கக்கூடியவை. ஆகவே குழம்பை எந்தப் பூனைக்கும் வைக்காதீர்கள்.

சீனி வருத்தமுள்ள பூனைக்கு உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி இறைச்சி, ஈரல் சிறிதளவு, அவித்த மீன் ஆகியவை நல்லவை. வசதியுள்ளவர்கள் மாப்பொருள் குறைந்த தகர உணவு வாங்கலாம். உலர்ந்த கட்டி உணவுகளில் பெரும்பாலும் மாப்பொருள் அதிகம். பச்சை மீனை மட்டும் தொடர்ந்து கொடுப்பதும் தவறு. சில மீன்களில் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. அவிக்கும்போது அது செயலிழந்துவிடும். மீனையோ இறைச்சியையோ மட்டுமே நெடுநாள் கொடுப்பதாயின் குறைபாடுகள் வராதிருக்க வைத்தியரின் ஆலோசனை தேவை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கனவே இன்சுலின் போடும் பூனைக்கு ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிடாதீர்கள். சோறு குறைந்தால் இரத்தச் சீனி இறங்கும். பழைய அளவிலேயே ஊசியும் தொடர்ந்தால் அது அபாயகரமான மட்டத்துக்கு இறங்கிவிடும். உணவை மாற்றுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் வைத்தியரின் மேற்பார்வையில் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இன்சுலின் என்ற தராசு

பூனைக்கு இன்சுலின் அலகுகளால் அளக்கப்படுகிறது. ஒரு பூனைக்குப் பொதுவாக ஒரு வேளைக்கு ஓர் அலகில் தொடங்குவார்கள். தேவையானால் அரை அலகு அல்லது ஓர் அலகு கூட்டுவார்கள். அதுவும் ஒரு கிழமையளவு பொறுத்திருந்து, அதன் பின்னரே. இன்று சீனி அதிகம் என்று இன்று கூட்டுவது, நாளை குறைவு என்று நாளை குறைப்பது என்ற போக்கு பூனையைக் கொன்றுவிடும். உடல் ஓர் அளவுக்குப் பழக அவகாசம் வேண்டும். ஆனால் சீனி தாழ்ந்துவிட்டால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும்.

ஊசிகள் இரு வகை. யூ-100 என்று எழுதிய ஊசி, ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு உள்ள இன்சுலினுக்கு உரியது. மனிதருக்கான இன்சுலின் பெரும்பாலும் இதுவே. யூ-40 என்று எழுதிய ஊசி, ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள இன்சுலினுக்கு உரியது. மிருகங்களுக்கென்றே வரும் சில இன்சுலின்கள் இந்த வகையின. யூ-100 இன்சுலினை யூ-40 ஊசியில் மூன்று கோடு வரை இழுத்தால் உண்மையில் ஏழரை அலகு உள்ளே போகும். இரண்டரை மடங்கு! மாறாக, யூ-40 இன்சுலினை யூ-100 ஊசியில் மூன்று கோடு இழுத்தால் ஒன்றே கால் அலகு கூடப் போகாது. குப்பியில் உள்ள இலக்கமும் ஊசியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் மருந்தையே பூனைக்கும் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கிளினிக்கில் கொடுக்கப்படும் கலப்பு இன்சுலினில் விரைவாக வேலை செய்யும் பகுதியும் இருக்கிறது. அது பூனையின் சீனியைச் சடுதியாக வீழ்த்திவிடும். வைத்தியர் குறித்துத் தந்த வகையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். நோயாளிக்குரிய அரச மருந்தைப் பூனைக்குக் கொடுப்பது பிறர் ஹக்கில் கைவைப்பதும் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

இரு ஊசிகளுக்கு இடையே ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். நான் முதலில், ஸுப்ஹுக்குப் பின் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது என்று நினைத்தேன். கணித ஆசிரியர் விடவில்லை. "தம்பி, உங்கட ஸுப்ஹு நேரத்துக்கும் மஃரிபு நேரத்துக்கும் இடையில பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல வரும். மற்றப் பக்கம் பதினொன்றும் இல்ல. கணக்குச் சரியில்ல" என்றார். ஆறும் ஆறும் என்பதே முடிவாயிற்று.

ஊசி போடுவது கடினமல்ல. பூனை உணவு உண்டபின், விலாப் பக்கத்துத் தளர்ந்த தோலை இரு விரலால் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போட வேண்டும். பூனை அசைந்து, மருந்து உள்ளே போனதா வெளியே சிந்தியதா என்று ஐயம் வந்தால் இரண்டாம் தடவை போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் சீனி சற்று ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போனால் உயிர் போய்விடும். பாவித்த ஊசிகளைக் குப்பையில் எறியாமல் மூடியுள்ள கெட்டிப் போத்தலில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளும் மனிதரின் கையும் நமது பொறுப்புத்தான்.

வீட்டில் சீனி பார்ப்பது

பூனையின் காது ஓரத்தில் மெல்லிய நரம்பு ஒன்று ஓடுகிறது. காதைச் சற்றுச் சூடாக்கி அங்கே ஒரு சிறு குத்துக் குத்தினால் மானிக்குப் போதுமான ஒரு துளி கிடைக்கும். முதல் சில நாட்கள் இருவருக்கும் சிரமம். பின்னர் ஒரு துண்டு இறைச்சியைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கினால் பூனையே வந்து நிற்கும். மனிதருக்கான மானிகள் பூனையின் இரத்தத்தில் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டுவது வழக்கம். ஆகவே எப்போதும் ஒரே மானியைப் பாவித்து, அதன் இலக்கங்களை வைத்தியரிடம் காட்டி விளங்கிக்கொள்ளுங்கள்.

நோயில்லாத பூனையின் சீனி ஏறத்தாழ 70க்கும் 150க்கும் இடையில் இருக்கும். 250ஐத் தாண்டிப் போகும்போதுதான் பூனையின் சிறுநீரில் சீனி கசியத் தொடங்கும். சிகிச்சை பெறும் பூனை எந்நேரமும் நோயில்லாத பூனையின் அளவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நாளின் பெரும்பகுதி 300க்குக் கீழேயும், மிகக் குறைந்த நேரத்தில் 80க்கும் 150க்கும் இடையிலும் இருந்தால் பெரும்பாலான பூனைகள் நன்றாக வாழும்.

அந்த மிகக் குறைந்த நேரம் எப்போது என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒருநாள் முழுவதும் ஊசிக்கு முன்னரும், பின்னர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் பார்த்து, அடுத்த ஊசி வரை கோடு கீறிப் பார்ப்பது. பல பூனைகளில் ஊசி போட்டு நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சீனி அடிமட்டத்தைத் தொடும். எங்கள் வீட்டில் அனர்த்தம் நடந்ததும் நான்கரை மணித்தியாலத்தில்தான். காலையில் பார்த்த ஓர் இலக்கத்தை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுபவர், பள்ளத்தைப் பார்க்காமல் வண்டியை ஓட்டுபவரைப் போன்றவர்.

சீனி இறங்கினால்

60க்குக் கீழே போவது ஆபத்து. சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, பின்னர் வலிப்பு என்று அது படிப்படியாக வரும். விழுங்க முடியுமானால் உடனே உணவு வையுங்கள். உணவில் சிறிது தேனும் சேர்க்கலாம். விழுங்க முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வரும்போது விரலை வாய்க்குள் விடாதீர்கள். சற்றுத் தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. உள்ளே போன இன்சுலின் இன்னும் பல மணித்தியாலம் வேலை செய்யும். அடிக்கடி பாருங்கள், வைத்தியரை அழையுங்கள். சீனி வருத்தமுள்ள பூனை இருக்கும் வீட்டில் ஒரு சிறு தேன் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சீனி தானாக இறங்கத் தொடங்குவது சிலவேளை நற்செய்தியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, ஒழுங்கான இன்சுலினும் மாப்பொருள் குறைந்த உணவும் கொடுத்தால் கணிசமான பூனைகளின் கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வருகின்றன. அதனால்தான் "எப்போதும் இரண்டு அலகு" என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. அமெரிக்காவில் 2022 இலும் 2023 இலும் பூனைகளுக்கென வாயால் கொடுக்கும் இரு மருந்துகளும் அனுமதிக்கப்பட்டன. அவை எல்லாப் பூனைக்கும் பொருந்துவன அல்ல. இன்சுலினுக்குப் பழகிய பூனைக்கு உரியனவும் அல்ல.

வெயிலும் மின்வெட்டும்

இன்சுலின் 2 பாகை முதல் 8 பாகை வரையிலான குளிரில் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், வெயில் பட்டாலும் கெடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் ஈரமணல் நிரப்பிய மட்பானைக்குள் இன்னொரு சிறு மட்பானையை வைத்து, அதற்குள் மருந்தைத் தண்ணீர் படாமல் பையில் சுற்றி வைக்கலாம். அறை வெப்பத்தைவிடச் சில பாகை குறையும். பனிக்கட்டியோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள். குப்பியைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதி, கூடவரும் தாளில் சொல்லப்பட்ட காலத்துக்கு மேல் பாவிக்காதீர்கள். மருந்தின் நிறம் மாறினாலோ கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ வீசிவிட வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"ஹஸ்ரத், ஏழைகள் இருக்கும்போது பூனைக்குச் செலவழிப்பது வீண்விரயம் இல்லையா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஏழையின் ஹக்கு ஏழைக்கு. அது ஸகாத்திலும் ஸதகாவிலும் உண்டு. ஆனால் நாம் வீட்டில் வைத்துக்கொண்ட பிராணிக்கும் நம்மீது ஹக்கு உண்டு. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் காரணமாக நரகம் சென்றதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் காண்கிறோம். வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தவர் ஸஹாபி அபூ கதாதா (ரழி) அவர்கள். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற கருத்துள்ள நபிமொழியை அவர்கள்தாம் அப்போது எடுத்துச் சொன்னார்கள்.

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர், ஹிஜ்ரி 660 இல் வபாத்தான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது கவாஇதுல் அஹ்காம் என்ற நூலில் பிராணிகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளை எண்ணிச் சொல்லும்போது, அவை முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலைக்கு வந்தாலும் அவற்றுக்குரிய செலவைச் செய்ய வேண்டும் என்பதை முதன்மையாகக் குறிப்பிடுகிறார்கள். எலி பிடிக்கும் காலத்தில் பாலும் மீனும் வைத்துவிட்டு, நோய் வந்ததும் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறதே, அதை இந்த வரையறையில் நிறுத்திப் பாருங்கள்.

பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினும் மிருக வைத்தியத்தில் உண்டு என்பதால் அதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் மனிதருக்கும் அத்தகைய இன்சுலினே இருந்தது. 1982 முதல் உயிரியல் தொழில்நுட்பத்தால் ஆன மனித இன்சுலின் சந்தைக்கு வந்துவிட்டது. அதன் வழிவந்த கிளார்ஜின் போன்றவை பூனைகளுக்கும் நன்றாகப் பயன்படுகின்றன. பன்றியின் நஜீஸ் விடயத்தில் நமது மத்ஹபின் கடுமையை நீங்கள் அறிவீர்கள். தூய மாற்று மருந்து கிடைக்கும்போது அதையே எழுதித் தரும்படி வைத்தியரிடம் தயக்கமின்றிக் கேளுங்கள். வேறு வழியே இல்லை என்று நம்பகமான வைத்தியர் சொன்னால், மருந்து மாற்றுமுன் உங்கள் ஊர் உலமாவிடம் ஆலோசியுங்கள். நோயுற்ற பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்கும் என்பதால் தொழும் இடத்தைத் தனியே பேணிக்கொள்வதும் அவசியம்.

இந்தச் சிகிச்சையைத் தாங்கும் வசதியோ நேரமோ எல்லோருக்கும் இருப்பதில்லை. அல்லாஹ் எவரையும் அவரது சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. முடியாதவர் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லட்டும். உணவு மாற்றத்தை வைத்தே எவ்வளவு செய்யலாம் என்று கேட்கட்டும். அல்லது பராமரிக்க முன்வரும் ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். கண்மூடி விடுவதுதான் குற்றம்.

சுருக்கமாக நினைவில் வையுங்கள்

1. முதலில் உணவு, பின்னர் ஊசி. உண்ணாத பூனைக்கு முழு அளவு போடாமல் வைத்தியரை அழையுங்கள்.
2. ஒரே நேரம், ஒரே உணவு, ஒரே மானி.
3. குப்பியின் இலக்கமும் ஊசியின் இலக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.
4. நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். ஐயமிருந்தால் இரண்டாம் தடவை போடாதீர்கள்.
5. தேன் போத்தலும் வைத்தியரின் தொலைபேசி இலக்கமும் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.
6. ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள். தவறையும் எழுதுங்கள்.

ஆறாவதை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். ஆசிரியர் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்று, கூடையையும் கொப்பியையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாளுக்கு நேரே, "பூனை கால்வாசியே தின்றது. நான் கவனிக்காமல் இரண்டு அலகு போட்டேன். பத்தரைக்கு 38" என்று எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திராது. அவர் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பூனையை மடியில் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கணக்குப் பிழைச்சா அழிக்காமக் கோடு கீறி விடுங்க எண்டு சின்ன வயசில சொல்லித் தந்தேன். ஞாபகம் வச்சிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு, "உம்மாவுக்கு என்ட நன்றியச் சொல்லுங்க. அடுத்த முறையும் உங்கட வீட்டிலதான் விடுவேன்" என்றார்.

வானத்தை உயர்த்தி, தராசை நிறுவி, அளவையில் வரம்பு மீறாதீர்கள் என்று சூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்தத் தராசு கடைத்தெருவில் மட்டும் இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். அது ஒரு பூனையின் ஊசியிலுள்ள சின்னஞ்சிறு கோட்டிலும் இருக்கிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரையும் அளவு பிசகாமல் பேணும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.